பெயர் மட்டும் 'எக்ஸ்ட்ராஸ்'

நீங்கள் கேட்டிருப்பது இது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'எக்ஸ்ட்ராஸ்' நாவலை இரண்டு நாளில் முடித்துவிட்டு, "இது இன்ஸ்டாகிராம் கதைதாம்மா, படிச்சுப் பாரு" என்று கையில் கொடுத்திருக்கிறாள். நீங்களும் படித்தீர்கள். பாதி பிடித்தது, பாதி உறுத்தியது. இந்தப் புத்தகம் பிரபலமாவதைக் கண்டிக்கிறதா, அந்த ஆசையைக் கிளறிவிடுகிறதா, மகளிடம் இதைப் பற்றி என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள்.

பதினாறு வருடமாகப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். இந்த நாவலை மூன்று வெவ்வேறு வருடங்களில் மூன்று குழுக்களோடு படித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த அதே குழப்பம் எனக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முன்கதை தெரியாமல் படித்திருந்தால் சில இடங்கள் புரியாமல் போயிருக்கும். இது ஒரு வரிசையின் நான்காவது புத்தகம். 2005-ல் 'அக்லீஸ்', அதே வருடக் கடைசியில் 'ப்ரிட்டீஸ்', 2006-ல் 'ஸ்பெஷல்ஸ்', 2007 அக்டோபரில் இது. முதல் மூன்றும் டாலி யங்பிளட் என்ற பெண்ணின் கதை. அந்த உலகத்தில் 16 வயதானால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்து அழகாக்கிவிடுவார்கள். முகத்தோடு சேர்த்து மூளையையும் தொட்டு, யாரும் கேள்வி கேட்காதபடி மந்தமாக்கிவிடுவார்கள் என்பது பிறகு தெரிய வரும். டாலி அதை உடைக்கிறாள். 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது முதல் புத்தகத்தின் படம். 'எக்ஸ்ட்ராஸ்' அதற்கெல்லாம் மூன்று வருடம் கழித்து, ஜப்பானில் ஒரு நகரத்தில், ஆயா ஃப்யூஸ் என்ற 15 வயதுப் பெண்ணிடம் தொடங்குகிறது.

முதலில், எனக்கு ஏன் இந்தப் புத்தகம் பிடிக்கும் என்று சொல்கிறேன். பிடிக்காதது அப்புறம்.

பிரபலங்களைப் பற்றி இளையோருக்காக எழுதப்படும் நாவல்களில் பெரும்பாலும் ஒரே வழித்தடம்தான். சாதாரணப் பெண் ஒருத்தி பாடகனையோ நடிகனையோ சந்திப்பாள், பளபளப்பு கண்ணைக் கட்டும், பிறகு அதெல்லாம் வெறும் மேல்பூச்சு என்று புரிந்துகொண்டு பழைய சிநேகிதியிடம் திரும்பி வருவாள். வெஸ்டர்ஃபெல்ட் அந்தப் பக்கமே போகவில்லை. புகழை அவர் ஒரு நாணயமாக்கிவிட்டார். மூளை தெளிந்த மக்கள் எல்லோருக்கும் திடீரென்று எல்லாம் வேண்டும் என்றாகிவிட்டது, நகரத்திடம் இருப்பதோ கொஞ்சம். யாருக்கு எவ்வளவு கொடுப்பது? இரண்டு வழி வைக்கிறார்கள். படிப்பு, பொறுப்பான வேலை, அடுத்தவருக்கு உதவி என்று செய்து மதிப்பெண் சேர்ப்பது ஒன்று. பிரபலமாவது இன்னொன்று. ஊரில் யார் வாயிலிருந்து உங்கள் பெயர் வந்தாலும் நகரத்தின் இயந்திரம் அதைக் கேட்டு எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு இடம், 'ஃபேஸ் ரேங்க்'. ஆயாவின் இடம் 451,369. பத்து லட்சம் பேர் உள்ள நகரத்தில்.

அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அவள் ஆசையைப் பாருங்கள். "இந்தப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு வெறி, வெட்டிப் பெருமைதானே" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அவளுடைய அண்ணன் ஹிரோ, ஊர் விஷயங்களைக் கதையாக்கி எல்லோரும் பார்க்கும்படி போட்டுப் பிரபலமானவன், வசதியான பெரிய வீட்டில் இருக்கிறான். அவள் விடுதியில் சின்ன அறையில் இருக்கிறாள். வேண்டிய பொருளைச் செய்து கொடுக்கும் சுவர் இயந்திரம்கூட, பிரபலமானவர்களுக்கு ஒரு மாதிரியும் மற்றவர்களுக்கு வேறு மாதிரியும் கொடுக்கிறது. அவளுக்குப் புகழ் வீட்டு வாடகை மாதிரி, கைச்செலவு மாதிரி. ஊரே அப்படிக் கட்டப்பட்டிருக்கும்போது ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை மட்டும் பிடித்துவைத்து, "உனக்கு ஏன் இந்த ஆசை" என்று கேட்பது நியாயமில்லை. இந்த ஒரு விஷயத்தை இவ்வளவு எளிமையாகப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்த வேறு நாவலை நான் பார்த்ததில்லை.

இது வந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். ஐபோன் கடைக்கு வந்ததே அந்த வருடம் ஜூனில்தான். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-ல், இன்ஸ்டாகிராம் 2010-ல். மனிதர்களின் இணையச் செல்வாக்கை 1 முதல் 100 வரை எண்ணாகக் கொடுத்த க்ளவுட் (Klout) என்ற சேவை 2008-ல் ஆரம்பித்து 2018 வரை உண்மையிலேயே நடந்தது. யோசனை முழுக்க வெஸ்டர்ஃபெல்டுடையது என்று சொல்ல மாட்டேன். 2003-லேயே கோரி டாக்டரோ தன் நாவலில் நற்பெயரைப் பணமாக்கிக் காட்டிவிட்டார். அதற்கும் முன்னால், 1961-லேயே டேனியல் பூர்ஸ்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், நன்றாக அறியப்பட்டிருப்பதற்காகவே அறியப்படுகிறவர்தான் பிரபலம் என்று வரையறுத்துவிட்டார். ஆனால் அந்த வரையறையை ஒரு பெண் குழந்தையின் காலை நேரத்துக்குள் கொண்டுவந்து வைத்தது இந்தப் புத்தகம்.

நாவலில் ஒரு கூட்டம் வரும், கவனித்திருப்பீர்கள். ஒருவருடைய பெயரைக் கூட்டமாகச் சேர்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே திரிவார்கள். பெயர் உச்சரிக்கப்பட்டால் இடம் ஏறும் என்பதால் இதையே தொழிலாக வைத்திருப்பார்கள். இந்த இடத்தைப் படித்ததும் என் வட்டத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நடிகர் பிறந்தநாள் அன்று ராத்திரி 12 மணிக்கு, ஒரே ஹேஷ்டேக்கை ஆயிரக்கணக்கான பேர் போட்டு டிரெண்டிங்கில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா. ஒரு பையன் எழுந்து, "மிஸ், இதை நானே பண்ணியிருக்கேன். ஒரு ராத்திரியில எழுநூறு ட்வீட்" என்றான். அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. அன்றைக்கு நான் தயாரித்து வந்த கேள்விகளை மூடி வைத்துவிட்டேன். அவனே போதுமாக இருந்தான்.

புத்தகத்தின் மிக நல்ல பகுதி என்று நான் நினைப்பது ஸ்லை கேர்ள்ஸ் வரும் பகுதி. ராத்திரியில் ஓடுகிற காந்த ரயிலின் கூரைமேல் ஏறிப் பயணம் செய்யும் பெண்கள் கூட்டம். எதிர்க்காற்று அறையும், சுரங்கப்பாதை வந்தால் ஒட்டிப் படுத்துவிட வேண்டும், தலை தூக்கினால் தலை இருக்காது. இவ்வளவு பெரிய சாகசத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் அவர்கள் சட்டம். படம் கூடாது, பெயர் வெளியே வரக் கூடாது. ஆயா அவர்களோடு சேர வரும்போது முதல் நிபந்தனையே அவளுடைய பறக்கும் கேமரா மாகிளை விட்டுவிட வேண்டும் என்பது. அதை ஆழமான தண்ணீருக்குள் போட்டுவிடுகிறார்கள். அது அவளுக்கு வெறும் கருவி இல்லை. கூடவே பறந்து, சொன்னதைக் கேட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரே துணை. அது தண்ணீருக்குள் போன பிறகு அவளுக்கு வரும் தவிப்பை அந்தப் பக்கங்களில் திரும்பப் போய்ப் படியுங்கள். கேமரா போனதைவிட, தன்னை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் நூலகத்து ஜன்னலோரம் நினைவுக்கு வந்தது. ஒரு மாணவி, கெட்டிக்காரப் பெண், ஆண்டு விழா முடிந்த சாயங்காலம் அங்கே உட்கார்ந்து அவள் அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரத உடையில் எடுத்த படம் ஒன்று போட்டிருந்தாள். கண் மை கலையவில்லை, சலங்கை மட்டும் கழற்றிப் பையில் இருந்தது. கீழே இழுத்து விடுவாள், எண் மாறியதா என்று பார்ப்பாள், திரும்ப இழுப்பாள். இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் அமைதியாக அந்தப் படத்தை அழித்துவிட்டாள். "நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா?" என்றேன். "முப்பத்தி நாலுதான் மிஸ் வந்துச்சு. அது இருக்கிறதைவிட இல்லாமலே இருக்கலாம்" என்றாள். மூன்று மாதம் பயிற்சி செய்து ஆடிய ஆட்டம் அது.

இன்ஸ்டாகிராம் 2019-ல் கனடாவில் லைக் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தார்கள், 2021-ல் விருப்பமுள்ளவர்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். நிறுவனங்களே ஒத்துக்கொண்ட வலி இது. வெஸ்டர்ஃபெல்ட் 2007-லேயே அதன்மேல் விரலை வைத்துவிட்டார்.

சரி, இனி உறுத்தல்.

முதல் உறுத்தல் நீங்களே சொன்னது. ஆயா அந்தப் பெண்களை ஏமாற்றுகிறாள். படம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு உள்ளே போய், மாகிளைத் தண்ணீரில் போட்ட பிறகும் ரகசியமாகப் படம் எடுக்கிறாள். அவர்களோடு சிரிக்கிறாள், உயிரைப் பணயம் வைத்து ஒன்றாகப் பயணம் செய்கிறாள், அதே நேரத்தில் அவர்களைக் கதையாக்கிக்கொண்டிருக்கிறாள். நாவலில் இதுதான் உண்மையான பிரச்சினை. அடுத்தவர் வாழ்க்கையை எடுத்து நம் புகழாக மாற்றலாமா? இதை ஆசிரியர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அவர் என்ன செய்கிறார்? மலைக்குள் ஒரு ரகசியக் கிடங்கு, நகரத்தையே அழிக்கக்கூடிய ஆயுதம் என்று கதையைப் பெரிதாக்கிவிடுகிறார். இவ்வளவு பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்தவள் ரகசியமாகப் படம் எடுத்தது தப்பா என்று அப்புறம் யார் கேட்பார்கள்? எங்கள் வட்டத்திலும் அதேதான் நடந்தது. "அவ எடுக்கலைன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்காதே மிஸ்" என்று பாதிப் பேர் அவள் பக்கம் போய்விட்டார்கள். "ஆயுதம் எதுவும் இல்லாம, வெறும் ரயில் சவாரியா மட்டும் இருந்திருந்தா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ரகசியமாகப் படம் எடுக்க முடிவு செய்தபோது அவளுக்கு ஆயுதம் இருப்பதே தெரியாது. ரயில் சவாரிக்காகத்தான் முடிவு செய்தாள். புத்தகம் அந்தக் கேள்வியைச் சீக்கிரமே விட்டுவிட்டது. உங்கள் மகளிடம் அதை நீங்கள் கேளுங்கள். தோழியின் அழுகையைத் தெரியாமல் வீடியோ எடுத்துக் குரூப்பில் போடும் வயது இது.

இந்த இடத்தில் ஃப்ரிஸ் பற்றி ஒரு வார்த்தை. மூளையை மாற்றிக்கொண்டு, பொய்யே சொல்ல முடியாதபடி ஆகிவிட்ட பையன். அதற்காகவே ஒரு குழுவை ஆரம்பித்து அதற்காகவே பிரபலமானவன். ஆயா பாதி உண்மை சொல்லித் தப்பிக்கப் பார்க்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நிற்பதே அவளுக்குத் தொந்தரவு. உண்மை பேசுவதையும் புகழுக்கான வழியாக்கிவிட முடியும் என்று காட்டுகிற பாத்திரம். "நான் மனசுல பட்டதைப் பேசுறவன்" என்று சொல்லியே லட்சக்கணக்கில் ஆள் சேர்ப்பவர்களை இப்போது தினமும் பார்க்கிறோம். அவனை வைத்தே ஒரு முழு நாவல் எழுதியிருக்கலாம். ஆயாவின் காதலனாக மட்டும் ஆசிரியர் நிறுத்திவிட்டார், எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது டாலி வருவது. பாதிக்கு மேல் பழைய கதாநாயகி வந்து இறங்குகிறாள், கூடவே பழைய ஆட்களும். முதல் மூன்று புத்தகங்களையும் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் துள்ளுவார்கள். எனக்கு இதில் இரண்டு மனது. உலகத்திலேயே மிகப் பிரபலமானவள் அவள், ஆனால் அந்தப் புகழிலிருந்து ஓடிப்போய்க் காட்டில் வாழ்கிறாள். சின்ன வயதிலிருந்து ஆயா மனதில் வைத்துப் பூஜித்த ஆள், நேரில் பார்த்தால் கோபக்காரி, சந்தேகப் பேர்வழி, பிள்ளைகளைத் தூண்டில் புழுவாகப் பயன்படுத்தத் தயங்காதவள். நாம் கொண்டாடுகிறவருக்கும் நேரில் இருப்பவருக்கும் உள்ள தூரத்தை இது நன்றாகக் காட்டுகிறது. அதே சமயம், அவள் வந்த நிமிஷத்திலிருந்து ஃபேஸ் ரேங்க், விடுதி அறை, அண்ணன் தங்கை என்ற கதை எல்லாம் பின்னால் போய்விடுகிறது. துரத்தல், கடத்தல், விண்கலம் என்று வேறு கதை ஓடுகிறது. நூறு பக்கங்களுக்கு மேல் கழித்துத் திரும்பி வரும்போது, நாம் கேட்ட கேள்வி என்ன என்பதே மறந்துபோயிருக்கும். உங்களுக்குப் "பின்பாதி வேற புக் மாதிரி இருந்துச்சு" என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பான் விஷயம். அமெரிக்காவுக்கு வெளியே ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்ததை நான் மதிக்கிறேன். முதல் மூன்று புத்தகங்களின் உலகம் இதனால்தான் விரிகிறது. ஆனால் அந்த ஜப்பான், பெயர்களும், குனிந்து வணங்குவதும், மாங்கா படக் கண்களுமாக நின்றுவிடுகிறது. பிரபலத்தை வரிசைப்படுத்துவதில் உண்மையான ஜப்பானிடமே இதைவிடக் கூர்மையான கதை இருந்தது. 2005 டிசம்பரில் டோக்கியோவின் அகிஹபாராவில் ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழு ஆரம்பித்தது. நினைத்தால் போய்ச் சந்திக்கக்கூடிய நட்சத்திரங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த கவர்ச்சி. 2009 முதல் 2018 வரை வருடா வருடம் தேர்தல் நடத்தினார்கள். பாட்டு சிடியோடு வாக்குச்சீட்டு வரும், எத்தனை சிடி வாங்கினாலும் அத்தனை ஓட்டு. யாருக்கு எவ்வளவு ஓட்டு என்பதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அதை வைத்துத்தான் அடுத்த பாட்டில் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்பது. அந்த மேடையில் அழுதுகொண்டே நின்று தன் எண்ணைக் கேட்ட பெண்கள் பலர் ஆயாவின் வயதுதான்.

அந்தக் குழுவில் ஒரு பெண் 2013-ல் ஒரு ஆணின் வீட்டில் இரவு தங்கியதாகப் பத்திரிகையில் வந்துவிட்டது. காதல் கூடாது என்பது அங்கே விதி. அவள் தன் தலையை மொட்டையடித்துக்கொண்டு கேமரா முன்னால் அழுது, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். அந்தக் காணொளி குழுவின் யூடியூப் பக்கத்திலேயே வந்தது. அதைப் பார்த்த நாளில் என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. 2020-ல், டிவி நிகழ்ச்சி ஒன்றில் வந்த 22 வயது மல்யுத்த வீராங்கனை, இணையத்தில் குவிந்த வசைகளுக்குப் பிறகு இறந்துபோனார். 2022-ல் ஜப்பான், அவதூறாகத் திட்டுவதற்கான தண்டனையை ஒரு வருடச் சிறை வரை உயர்த்தியது. இவையெல்லாம் புத்தகத்துக்குப் பின்னால் நடந்தவை, ஆசிரியர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நாவலின் புகழில் இந்த வெறுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிரபலமானால் கேமராக்கள் சுற்றும், தனிமை போகும், அவ்வளவுதான் அங்கே விலை. பிரபலமான ஒரு பெண்ணுக்கு ராத்திரி போனில் என்ன வந்து விழும் என்பதை அது காட்டவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் அம்மாவாக நீங்கள் இதை இட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

என்னுடைய பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. புத்தகத்தின் பெயர் 'எக்ஸ்ட்ராஸ்'. பிரபலமில்லாதவர்களை அந்த நகரத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். கடைசியில் பூமியை விட்டு விண்வெளிக்குப் போகிறவர்களையும் அதே சொல்லால் அழைத்து ஆசிரியர் சிலேடை செய்வார், அது போகட்டும். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. கோடம்பாக்கத்தில் கூட்டக் காட்சிக்கு வருபவர்களைக் காலம் காலமாக எக்ஸ்ட்ரா என்றுதான் சொல்வார்கள். துணை நடிகர் என்று மரியாதையாகச் சொல்வதெல்லாம் பின்னால் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வடபழனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படி ஒரு அக்கா இருந்தார். விடிவதற்குள் குளித்து, இரண்டு செட் சேலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏஜென்ட் அனுப்பும் வேனுக்காகத் தெருமுனையில் நிற்பார். ராத்திரி பேட்டாவோடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் போடும்போது எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார். கல்யாணக் காட்சியில் கூட்டம் வரும். "அதோ, தூணுக்குப் பின்னாடி, பச்சைச் சேலை. அது நான்" என்பார். நாங்கள் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிடும். "பார்த்தியா?" என்பார். "பார்த்தேன்க்கா" என்போம். நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்த அக்கா மகளை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தார். கதாநாயகி ஆக வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பேட்டா சரியாக வர வேண்டும், வெயிலில் நிற்கவைத்தால் மோர் கொடுக்க வேண்டும், இதைத்தான் சொல்வார்.

எக்ஸ்ட்ரா என்று அட்டையில் போட்ட ஒரு புத்தகத்தில் நான் அந்த அக்காவைத் தேடினேன். அவர் இல்லை. ஆயாவின் அண்ணன் பிரபலம், அண்ணனின் சிநேகிதன் ரென் பிரபலம், காதலன் பிரபலம், அவள் தேடிப் போகும் பெண்களோ ஊர் பேசத் துடிக்கும் அளவுக்கு விசேஷமானவர்கள், கடைசியில் வருபவள் உலகப் பிரபலம். 451,369-ல் இருந்த பெண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தோம். அவளுக்கு அடுத்து 451,370-ல் இருந்தவர் யார்? மதிப்பெண் வழி என்று ஒன்று இருக்கிறதே, அதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, நிம்மதியாகவோ சலிப்பாகவோ வாழ்ந்தவர் ஒருவராவது கதைக்குள் மனிதராக வந்தாரா? வரவில்லை. ஓட்டப்பந்தயத்தை விமர்சிக்கிற நாவல், ஓடாதவரை ஒரு முறையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. எனக்கு அந்த நாவல்மேல் இருக்கும் அன்பு குறையாமலே இந்தக் குறையும் பதினாறு வருடமாக அப்படியே இருக்கிறது.

கண்டிக்கிறதா, ஆசை காட்டுகிறதா என்று கேட்டீர்கள். ஆசை காட்டுகிறது, ஆனால் காட்டுகிறேன் என்று மறைக்காமல் காட்டுகிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வெறும் கண்டனமாக இருந்தால் உங்கள் மகள் நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்திருப்பாள். ஆயா ஜெயிக்கும்போது அவளும் ஜெயித்த மாதிரி உணர்ந்திருப்பாள், அந்த உணர்ச்சி உண்மையானது. அதைக் கடிந்துகொள்ள வேண்டாம். "பாத்தியா, பேர் வாங்க ஆசைப்பட்டா இப்படித்தான்" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உங்களிடம் அவளாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், அதுவே பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அது சரியா தப்பா என்று நாம் பேசலாம், ஆனால் நம் வீட்டில் இப்போதைக்கு இருப்பது ஒரு பிள்ளையும், ஒரு போனும், இந்தப் புத்தகமும்தான்.

அவளோடு செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். மூன்றாவது முறை இந்த நாவலைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் செய்தது. அந்த 451,370-ஆம் ஆளின் ஒரு நாளை இரண்டு பக்கத்தில் எழுதச் சொன்னேன். நகரம் அதே நகரம், இயந்திரம் அதே இயந்திரம், விதிகளை மாற்றக் கூடாது. நிறையப் பேர் அந்த ஆளையும் கடைசி வரியில் பிரபலமாக்கிவிட்டார்கள். கை தானாக அப்படிப் போகிறது, பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தை அழித்தாளே, அந்தப் பெண் மட்டும் வேறு மாதிரி எழுதினாள். அவள் எழுதிய ஆள் ஒரு அக்கா. பெரிய விருந்து முடிந்த மாளிகையில் காலையில் வந்து தரை துடைக்கிறாள். சுவரில் நேற்று வந்தவர்களின் எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மத்தியானம் வீட்டுக்குப் போகிறாள். தம்பிக்குக் காய்ச்சல். அவன் தூக்கத்தில் தண்ணீருக்காக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். இயந்திரம் அதைக் கேட்டு ஒன்று கூட்டிக்கொள்கிறது. அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டதால் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.